எழுத்து போட்டாச்சா?

போன பொங்கலுக்கு குத்துக்கல்வலசை போயிருந்தப்போ, டிவியில ஆச்சிக்கு ஒரு பழைய படம் போட்டேன். ஆரம்பம் ரொம்ப நீளமா இருக்கேன்னு தள்ளி விட்டுட்டேன். ஆச்சி உடனே, "எய்யா, எழுத்து போடலியா?" அப்படின்னாங்க.

ஆச்சிக்குப் படிக்கத் தெரியாது. அப்புறம் எதுக்கு எழுத்துன்னு கேட்டா, "கொடி பிடிச்சிக்கிட்டு ஒரு ஆணும் பொண்ணும் நிப்பாவள்லா, அதப் பாத்தாத்தான் எம்ஜியார் படம்"னு பதில்.

யோசிச்சுப் பார்த்தா விஷயம் அங்கதான் இருக்கு. 1951 கணக்கெடுப்புப்படி இந்தியாவுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க சுமார் 18 சதவீதம்தான். கொட்டகையில உட்கார்ந்திருந்த பாதிப் பேருக்கு மேல டைட்டிலைப் படிக்க முடியாது. அதனால நம்ம ஆளுங்க டைட்டிலைப் படமா, சத்தமா மாத்தினாங்க. ஊதுகுழல் ஊதுற ரெட்டைப் பசங்களைப் பார்த்தா ஜெமினி, எஸ்.எஸ்.வாசன், அப்போ பிரம்மாண்டம்னு ஜனங்களுக்குப் புரிஞ்சுது. 1958-ல எம்.ஜி.ஆர். தானே தயாரிச்சு இயக்கின 'நாடோடி மன்னன்'ல எம்ஜியார் பிக்சர்ஸ் சின்னமா அந்த ஆணும் பெண்ணும் தூக்கிப் பிடிச்சது தி.மு.க. கொடி. கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அரசியல் ஆரம்பிச்சாச்சு!

அமெரிக்காவுல கதையே வேற. அங்க பல தியேட்டர்ல திரைச்சீலையை விலக்காமலே டைட்டிலை ஓட்டிடுவாங்களாம். 1955-ல 'த மேன் வித் த கோல்டன் ஆர்ம்' படத்துக்கு சால் பாஸ் டைட்டில் செஞ்சப்போ, திரையை விலக்கிட்டு ஓட்டுங்கன்னு ஆபரேட்டர்களுக்குக் குறிப்பு அனுப்ப வேண்டியிருந்துச்சு. நம்ம ஊர்ல யாரும் சொல்லவே தேவையில்லை. எழுத்து போடுறதுக்குள்ள போய்ச் சேரணும்னு ஓட்டமா ஓடினவங்க நம்ம சனம்.

இதோட உச்சம் 1992. சுரேஷ் கிருஷ்ணாவோட 'அண்ணாமலை'. கறுப்புத் திரையில புள்ளி புள்ளியா 'சூப்பர் ஸ்டார்'னு ஆங்கில எழுத்து ஒவ்வொண்ணா வரும், பின்னாடி தேவா இசை. ஆங்கிலம் தெரியாதவங்களும் சேர்த்துத்தான் விசில் அடிச்சாங்க. யாருமே அதைப் படிக்கல, பார்த்தாங்க. அதுக்கப்புறம் வந்த எத்தனையோ ஹீரோக்களுக்கும் தனி டைட்டில் கார்டு வேணும்னு ஆயிடுச்சு.

இப்போ உண்மையை ஒத்துக்கிறேன். எங்க கம்பெனியில ஒரு வீடியோ ஆப்புக்கு, ஆரம்பத்தைத் தாண்டிப் போற அந்த பட்டனை எழுதின டீம்ல நானும் ஒருத்தன். யூசருக்குப் பத்து செகண்ட் மிச்சம்னு மீட்டிங்ல பெருமையா பேசினேன் :) அந்தப் பத்து செகண்ட்லதான் ஆச்சி படத்துக்குள்ள போறாங்கன்னு அப்போ தெரியல.

அன்னைக்குப் படத்தை முதல்ல இருந்து திரும்பப் போட்டேன். பேர்களை ஒவ்வொண்ணா வாசிச்சேன். ஆச்சி ஒவ்வொரு பேருக்கும் "ம்" கொட்டினாங்க. கடைசிப் பேர் போனதும், "சரி, இப்ப பேசாம இரு"ன்னாங்க.