மருந்துக்கு முந்திய பதினெட்டு ஆண்டுகள்

1986-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பயின்ற நிர்மலா என்னும் மாணவி, பாலியல் தொழிலின் பேரில் பிடிக்கப்பட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் இரத்த மாதிரிகள் எடுத்தார். அவரை அப்பணியில் ஈடுபடுத்தியவர் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமன். எய்ட்ஸ் மேலைநாட்டாரின் நோய், நம் மண்ணில் அதற்கு இடமில்லை என்று நாம் நிம்மதியாக இருந்த காலம் அது. மாதிரிகளை நிர்மலா தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியிலேயே பாதுகாத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் எலிசா முறையில் சோதித்தபோது, அவற்றுள் ஆறு நிறம் மாறின. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் அறியப்பட்டது அவ்வாறே.

எலிசா அன்று வைரசைக் காட்டவில்லை. அதை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையே காட்டியது. ஆகவே தொற்றிய முதற் சில வாரங்களில் அச்சோதனை ஏமாற்றிவிடும். 'உண்டு' என்று வந்தாலும் மறுசோதனையின்றி முடிவு கூறலாகாது. அவ்வறுவரின் முடிவும் அமெரிக்காவில் மீண்டும் சோதித்து உறுதிசெய்யப்பட்டது.

நோய் தெரிந்தது, மருந்து இல்லை. 1964-இல் புற்றுநோய்க்கென உருவாக்கிக் கைவிடப்பட்ட ஏ.இசட்.டி., 1987-இல் அமெரிக்காவில் முதல் மருந்தாக ஏற்கப்பட்டது. வைரஸ் தன்னைப் படியெடுக்கையில் இது பொய்க் கண்ணியாக நுழைந்து, சங்கிலி மேலே நீளாமல் தடுக்கும். ஆனால் வைரஸ் விரைவில் உருமாறித் தப்பிவிடும். மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப இயலாது என்பது 1996-இல் தெளிவாயிற்று. ஆண்டுச் செலவோ பத்தாயிரம் டாலருக்கு மேல்! 2001-இல் மும்பையின் சிப்லா நிறுவனம் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதை 350 டாலருக்குத் தர முன்வந்தது. 2004 ஏப்ரல் முதல் நாள், தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை தொடங்கியது.

இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளில் நாம் கொடுத்தது என்ன? பாவத்தின் கூலி என்று நம்முள் சிலர் தீர்ப்புக் கூறினோம்; பலர் விலகி நின்றோம். அன்னை தெரேசாவோ எந்த மருந்தும் வருமுன்னரே, 1985 கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முன்னாள், நியூயார்க்கில் எய்ட்ஸ் நோயாளிகளுக்கென இல்லம் திறந்தார். மாற்கு நற்செய்தியில் இயேசு தொழுநோயாளியைத் தொட்டது, நோய் நீங்கிய பின்னர் அன்று, நீங்குமுன்.

ஒப்புதலின்றிச் சோதித்தலையும் முடிவை வெளியிடுதலையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1986-இல் அக்காப்பகத்துப் பெண்களுக்கு அத்தகைய காவல் ஏதும் இருக்கவில்லை.