பதின்ம வயதுப் புற்றுநோயாளரிடையே சக ஆதரவு

பதின்ம வயதுப் புற்றுநோயாளரிடையே சக ஆதரவு என்பது, ஏறத்தாழ 13 முதல் 19 வயது வரையிலான புற்றுநோயாளர், அதே நோய்க்குச் சிகிச்சை பெறும் அல்லது அதிலிருந்து மீண்ட ஒத்த வயதினரிடமிருந்து பெறும் உள, சமூக, நடைமுறைத் துணையைக் குறிக்கும். இது மருத்துவத்திற்கு மாற்று அன்று. நீண்ட சிகிச்சையை இடையில் கைவிடாமல் முடிக்கவும், பின்னர் பள்ளிக்கும் இயல்பு வாழ்விற்கும் திரும்பவும் துணைநிற்பதாகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, ஆண்டுதோறும் 19 வயது வரையிலான ஏறத்தாழ 4 இலட்சம் பேருக்குப் புற்றுநோய் ஏற்படுகிறது. உயர் வருமான நாடுகளில் இவர்களுள் 80 விழுக்காட்டினருக்கு மேல் குணமடைகின்றனர். வருமானம் குறைந்த பல நாடுகளில் இது 30 விழுக்காட்டிற்கும் கீழாக உள்ளது. காலங்கடந்து நோயறிதல், மருந்துத் தட்டுப்பாடு ஆகியவற்றுடன், சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும் இவ்வேறுபாட்டிற்கு ஒரு காரணமாகும்.

பதின்ம வயதின் தனித்தன்மை

இரத்தப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய், எலும்புப் புற்றுநோய், மூளைக்கட்டி ஆகியன இவ்வயதினரிடம் காணப்படும் முக்கிய வகைகளாகும். தீவிர நிணநீர்க்கல இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். அதன் பிற்பகுதியில் நோயாளர் வீட்டிலிருந்தபடியே நாள்தோறும் மாத்திரை உட்கொள்ள வேண்டும். உடல் தேறிவிட்டதாகத் தோன்றும் இக்கட்டத்தில் மாத்திரையைத் தவறவிட்டால், நோய் மீண்டும் தோன்றும் வாய்ப்பு கூடுகிறது.

முடி உதிர்தல், உடல் எடை மாற்றம், கால் அல்லது கை இழப்பு ஆகியன, தோற்றம் பற்றிய எண்ணம் மிகுந்திருக்கும் வயதில் நேர்கின்றன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளும் இக்காலத்திலேயே வருகின்றன. இந்தியக் குடும்பங்களில் நோயின் பெயரைப் பிள்ளையிடம் சொல்லாமல் மறைப்பது பரவலான வழக்கமாகும். பெண் பிள்ளையாயின், பிற்காலத் திருமணத்தை எண்ணி உறவினரிடமும் மறைப்பதுண்டு. தன் நோயைப் பற்றிப் பேச எவருமில்லாத நிலைக்கு நோயாளர் இதனால் தள்ளப்படுகிறார்.

மருத்துவமனை அமைப்பிலும் இவ்வயதினர் இடைப்பட்டே நிற்கின்றனர். தமிழகத்தின் பல அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் பிரிவு 12 வயதோடு முடிவடைகிறது. அதற்கு மேற்பட்டோர் முதியோர் நடுவே படுக்கை பெறுகின்றனர்.

செயற்படும் விதம்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் வெளியிட்ட கோட்பாட்டின்படி, ஒருவரது செயலாற்றல் நம்பிக்கைக்கு நான்கு ஊற்றுகள் உள்ளன. அவை: தாமே செய்து வெல்லுதல், தம்மை ஒத்த ஒருவர் செய்வதைக் காணுதல், பிறர் சொல்லும் ஊக்கம், உடல் மற்றும் மன நிலை. மருத்துவரும் பெற்றோரும் ஊக்கம் அளிக்க இயலும். ஆனால் தம்மை ஒத்த ஒருவரைக் காணும் வாய்ப்பை, அதே மருந்தை ஏற்று, முடி உதிர்ந்து, மீண்டும் வளர்ந்து, பள்ளிக்குத் திரும்பிய ஒருவரே அளிக்க முடியும். சக ஆதரவின் தனிப் பயன் இதுவேயாகும்.

கனடாவின் டெரி ஃபாக்ஸ் (1958–1981) இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டாவார். எலும்புப் புற்றுநோயால் 1977இல், தமது 18ஆம் வயதில், வலக்காலை இழந்தார். அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரவில், செயற்கைக் காலுடன் நியூயார்க் மாரத்தானை ஓடி முடித்த டிக் டிராம் என்பவரைப் பற்றிய கட்டுரையை அவருடைய கூடைப்பந்துப் பயிற்றுநர் கொண்டுவந்து கொடுத்தார். 1980இல் புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்ட ஃபாக்ஸ் 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் ஓட்டம் இடையில் நின்றது.

அமைப்புகள்

பிரித்தானியாவில் டீனேஜ் கேன்சர் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை, பதின்ம வயதினருக்கெனத் தனி மருத்துவப் பிரிவை 1990இல் இலண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் தொடங்க உதவியது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில், சிகிச்சை முடித்த இளையோரைத் தொடர்ந்து கவனிக்கும் பிரிவு 1991இல் தொடங்கப்பட்டது. இளம் வயதில் புற்றுநோயை வென்றவர்களின் 'உகம்' குழு, இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் சார்பில் 2009இல் அங்கு உருவானது. 2004இல் தில்லியில் தொடங்கப்பட்ட கேன்கிட்ஸ் அமைப்பும் மீண்டவர்களுக்கென ஒரு குழுவை நடத்துகிறது.

சென்னை

முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் 12 படுக்கைகளுடன் தொடங்கியது. 1960இல் அங்கு குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவு ஏற்பட்டது. மருத்துவர் வி. சாந்தா (1927–2021) 1955 முதல் அங்கு பணியாற்றினார். நோயாளரின் மனநலத்தைக் கவனிக்கும் உளப் புற்றுநோயியல் துறையும் அங்குள்ளது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் (2012) புற்றுநோய்ச் சிகிச்சையின் செலவுச் சுமையைப் பெரிதும் குறைத்தது. எனினும் பயணமும் தனிமையும் எஞ்சியுள்ளன. மாதவரம், திருவொற்றியூர், எண்ணூர் முதலிய வடசென்னைப் பகுதிகளிலிருந்து அடையாறு செல்வோர் நகரை வடக்கிலிருந்து தெற்காகக் கடக்க வேண்டும். ஒருநாள் மருத்துவமனை வருகைக்குப் பெற்றோருள் ஒருவர் அன்றைய கூலியை இழக்க நேரிடலாம். படுக்கைக்குப் படுக்கை ஏற்பட்ட நட்பும் வீடு திரும்பியபின் ஊர்தோறும் சிதறிவிடுகிறது. ஆகவே இரத்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் வரும் நாளையே சந்திப்பு நாளாகவும் அமைப்பது எளிய வழியாகும். தனிப் பயணமோ கூடுதல் செலவோ இதற்குத் தேவைப்படாது.

வரம்புகள்

• குழுவில் ஒருவர் இறக்கும்போது மற்றவர்கள் கடும் அச்சத்திற்கு உள்ளாகின்றனர். இறப்பை மறைத்தால் குழுவின் மீதுள்ள நம்பிக்கை குலையும். பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் உடனிருந்து அதைப் பேசவைத்தல் வேண்டும்.

• ஒருவருக்குப் பயன்பட்ட மருந்தும் அளவும் மற்றவருக்குப் பொருந்தா. மருத்துவ அறிவுரை குழுவின் பணி அன்று.

• வெள்ளணுக்கள் குறைந்துள்ள நாட்களில் தொற்று எளிதில் ஏற்படும் என்பதால், நேரில் கூடுவதைத் தவிர்த்துத் தொலைபேசியில் பேசலாம்.

• எவரும் பேசக் கட்டாயப்படுத்தப்படலாகாது. கேட்டுக்கொண்டு அமைதியாக இருப்பதும் பங்கேற்பே ஆகும்.

பள்ளியும் சுற்றமும்

புற்றுநோய் தொற்றுநோய் அன்று. இதை வகுப்பு மாணவர் அறியாதபோது, திரும்பிவரும் மாணவர் தனியே அமர்த்தப்படுகிறார். ஆசிரியர் முன்கூட்டியே வகுப்பில் விளக்குவதும், பழைய தோழர் ஒருவர் பாடக்குறிப்புகளைச் சேர்த்து வைப்பதும் பெரிதும் உதவும். நோயுற்றிராத தோழரும் இவ்வகையில் சக ஆதரவின் பகுதியாக முடியும்.