'பிள்ளை' யாருடைய சொல்?
"நாயைப் போய்ப் பிள்ளை எண்டு கூப்பிடுறாளே!" பிள்ளை இல்லாத பெண்களைப் பற்றி எங்கட ஸ்கந்தபுரம் பக்கம் இப்பிடியும் கதைப்பார்கள்.

தொல்காப்பியத்தின் மரபியல் வேறொரு கதை சொல்கிறது. பன்றி, புலி, முயல், நரி ஆகியவற்றின் குட்டிகளைப் 'பிள்ளை' எனலாம். நாய்க்குட்டியை மட்டும் சொல்லக்கூடாது. மனிதக் குழந்தைக்கும் அந்தச் சொல் இல்லை. குழவி, மகவு இரண்டும்தான். பிறகுதான் மனிதர் 'பிள்ளை'யை எடுத்துக்கொண்டோம். அணிற்பிள்ளை, கீரிப்பிள்ளை, தென்னம்பிள்ளை எண்டும் சொல்கிறோம். நாய் மட்டும் வெளியில்.

2009இல் முடிந்த போர் வன்னியில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளைப் பறித்தது. முற்றத்து நாய் எந்தப் பிள்ளைக்கும் ஈடில்லை. ஆனாலும் சோறு வைச்சுக் கூப்பிட ஒரு சீவன் வேணும்தானே.

பிள்ளை பெறாதவளுக்கு 'மலடி' எண்டு பெயர் வைத்த சமூகம் இது. எங்களுக்கே பிந்திக் கிடைத்த சொல்லை அவள் தன் நாய்க்கும் கொடுத்தால், எங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?