வேடந்தாங்கல் வரலாற்றில் மரமும் மக்களும்

தொண்டை மண்டலம் ஏரிகளால் வாழ்ந்த நாடு. பாலாறும் செய்யாறும் ஆண்டின் பெரும்பகுதி மணற்படுகையாகவே கிடக்கும் இந்நிலத்தில், வடகிழக்குப் பருவமழை பொழியும் சில வாரங்களில் கிடைத்த நீரைத் தேக்கி வைத்துக்கொண்டே உழவர் ஓராண்டு வாழ்க்கையை நடத்தினர். நீரைத் தேக்கிய இடங்களுக்கு அவர்கள் இட்ட பெயர்கள் பலவாகும். அவற்றுள் ஒன்று ‘தாங்கல்’ என்பது. வரும் நீரைத் தாங்கி நிற்பது தாங்கல். ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் எனச் சென்னையைச் சூழ்ந்த ஊர்ப்பெயர்களில் இச்சொல் இன்றும் வழங்குகிறது. நீர் போய்ப் பெயர் மட்டும் எஞ்சிய ஊர்களும் அவற்றுள் உண்டு.

வேடந்தாங்கல் என்னும் பெயருக்கு வேடர் தங்கிய இடம் எனப் பொருள் கூறுவது வழக்கம். சுற்றுலா நூல்கள் யாவும் அவ்வாறே எழுதுகின்றன. ஆயின், தொண்டை மண்டல வழக்கை நோக்க, ‘வேடனுடைய ஏரி’ என்று கொள்வதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. எவ்வாறு கொள்ளினும் பெயரின் முற்பகுதியில் வேடன் நிற்பது மறுக்கவொண்ணாதது. வேட்டையால் பெயர் பெற்ற ஓர் ஊர் இந்தியாவின் மிகப் பழைய பறவைப் புகலிடங்களுள் ஒன்றாக மாறிய வரலாறு எண்ணத்தக்கது.

செங்கற்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகத்திற்கு அண்மையில் உள்ள இவ்வேரி அளவால் பெரியதன்று. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்பே உடையது. மதுராந்தகம் ஏரியின் முன் இது ஒரு குட்டை எனலாம். இதன் சிறப்பு நீரில் இல்லை. நீருக்குள் நிற்கும் மரங்களில் உள்ளது. ஏரியின் உட்புறத்தே நீர்க்கடம்பு மரங்கள் தோப்பாக நிற்கின்றன. வேரும் அடிமரமும் மாதக்கணக்கில் நீரில் மூழ்கியிருந்தாலும் அழுகாமல் தழைக்கும் இயல்பு இம்மரத்திற்கு உண்டு. இதன் பூங்கொத்துகள் சரம்சரமாகக் கீழ்நோக்கித் தொங்கும்; செந்நிறமானவை. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வதால் காலைநேரத்தில் மரத்தடி நீர் செம்பட்டு விரித்தாற்போலக் காணப்படும். செங்கடம்பு என்று தமிழில் குறிக்கப்படுவது இதுவே என்பர் ஒரு சாரார். முருகனுக்குரிய கடம்பு இதுவோ, வேறொன்றோ என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. குறிஞ்சிப்பாட்டின் தொண்ணூற்றொன்பது மலர்ப்பெயர்களையும் தடையின்றி ஒப்பிக்கும் தமிழ் மாணவருள், ஏரிக்கரையில் நின்று ஒரு கடம்பைச் சுட்டிக் காட்ட வல்லவர் எத்தனை பேர் என்பது வேறு வினா.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிறைந்ததும் பறவைகள் வரத் தொடங்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, சாம்பல் நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வெண்கொக்கு எனப் பல இனங்கள் ஒரே மரத்தில் அடுக்கடுக்காகக் கூடு கட்டுவதை இங்குக் காணலாம். சுற்றிலும் நீர் சூழ்ந்த மரம் பறவைக்குக் கோட்டை போன்றது. பூனையும் நரியும் எளிதில் அணுகா; மனிதனும் அணுக அரிது. குஞ்சுகள் பறக்கக் கற்றுக் கொள்ளும்வரை அகழி வற்றாதிருத்தல் வேண்டும். ஆகவே மழையும் மரமும் ஒருங்கே அமையும்போதுதான் இனப்பெருக்கம் நிகழும். பறவைகள் இவ்வேரியில் தங்குகின்றனவேயன்றி இரைக்கு இதனை மட்டும் நம்பியிருப்பதில்லை. விடிந்ததும் சுற்றுவட்டாரத்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து சென்று, நத்தையும் மீனும் தவளையும் தேடித் தின்று, குஞ்சுகளுக்கும் கொண்டு மீள்கின்றன.

அவ்வாறு பல ஊர்களில் தின்றவற்றின் எச்சம் ஓர் ஊரின் ஏரியில் விழுகிறது. அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும்போது உரமும் உடன் பாய்கிறது. வேடந்தாங்கல் உழவர் கண்டறிந்த உண்மை இதுவே. எருவுக்கெனத் தனியே செலவிடாமலே பயிர் செழித்ததை அவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டனர். பறவையைக் காத்தது அவர்களுடைய இரக்கம் என்று கூறிப் பாராட்டுவோர் உண்டு. இரக்கமும் இருந்திருக்கலாம். ஆனால் அடிப்படையாக நின்றது உழவனின் கணக்கு. மரத்தை வெட்டினால் கிடைப்பது ஒருமுறை விறகு. நிற்கவிட்டால் கிடைப்பது ஆண்டுதோறும் உரம். இக்கணக்கைப் போட்டவர்கள் பள்ளியில் கணக்குப் பயின்றவர்கள் அல்லர்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கணக்குக்கு இடையூறு நேர்ந்தது. செங்கற்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார்க்கு ஜாகீராகக் கிடைத்தது. 1780இல் ஐதர் அலியின் படையெடுப்பால் ஊர்கள் பாழாயின. அதன்பின் மெல்ல மெல்லக் குடிகள் திரும்பி உழவைத் தொடங்கிய காலத்தில், வெள்ளைச் சிப்பாய்கள் இவ்வேரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தலாயினர். ஊரார் இதனைப் பொறுத்துக் கொள்ளாமல் கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். அப்போது ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். 1798இல் அவர் ஊராருக்கு ஒரு கவுல் வழங்கினார். கவுல் என்பது அரபு மொழியில் சொல், வாக்கு எனப் பொருள்படும். தமிழ்நாட்டு வருவாய் வழக்கில் ஒப்பந்தச் சீட்டைக் குறித்தது. ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் காக்கும் உரிமை அச்சீட்டின்வழி ஊராருக்கு உறுதி செய்யப்பட்டது.

லயனல் பிளேஸ் ஏரிகளின் அருமை அறிந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் நின்ற கதையோடு அவர் பெயர் பிணைந்திருப்பதையும், அங்குள்ள ஏரிகாத்த ராமர் கோயிலில் தாயார் சந்நிதித் திருப்பணியில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருப்பதையும் பலர் அறிவர். வரி வசூலிப்பதில் கடுமை காட்டியவரும் அவரே. வயல் செழித்தால் வரி வளரும் என்னும் நினைவு அவர் உள்ளத்தில் இல்லாதிருந்திருக்குமா? இருப்பினும் ஒன்று தெளிவு. அந்தக் கவுலை அவர் தாமாக எண்ணி வழங்கவில்லை; ஊரார் சென்று கேட்டுப் பெற்றனர். பறவைக் காப்பை ஆங்கிலேயர் அளித்த கொடையாக எழுதும் நூல்கள் இந்நுட்பத்தைக் காணத் தவறிவிடுகின்றன. சீட்டு எழுதப்படுவதற்கு முன்பே காவல் இருந்தது. இல்லையேல் முறையிடுவதற்கு ஒன்றுமிருந்திராது.

1858இல் மாவட்ட ஆட்சியரால் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936இல் அரசு இதனைப் பறவைப் புகலிடமாக ஏற்றுக்கொண்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் காவல் பொறுப்பு முற்றிலும் வனத்துறையின் கைக்குச் சென்றது. மரங்கள் முதிர்ந்து வீழும்போது புதிய கடம்பும் நாட்டுக் கருவேலும் நடும் பணியும் அத்துறையினுடையதாயிற்று.

மரங்களின் இன்றியமையாமையை உணரக் கரிக்கிலி ஏரியைக் காண்டல் போதும். வேடந்தாங்கலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அது. அதே மழை, அதே வயல்கள். 1989இல் அதுவும் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அங்கு வாத்து இனங்களும் கரையோரம் இரைதேடும் உள்ளான்களுமே மிகுதி. கூடு கட்டும் நாரைக் கூட்டத்தை வேடந்தாங்கலில் காண்பதுபோல் அங்குக் காணவியலாது. நீருக்குள் தோப்பு இல்லாமையே காரணம். மக்களின் பற்று வேறு ஊர்களிலும் உண்டு. சிவகங்கைச் சீமையில் கொள்ளுகுடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. திருநெல்வேலிக் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரங்களிலேயே பறவைகள் கூடு கட்டுகின்றன.

கடந்த அரை நூற்றாண்டில் பழைய கணக்கு மாறிவிட்டது. மூட்டையில் யூரியா வந்தபின் எச்சநீரின் அருமை குறைந்தது. வயல்களில் தெளிக்கப்படும் பூச்சிமருந்து நத்தையையும் தவளையையும் சேர்த்தே அழிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து கொண்டு வரப்பட்ட சீமைக்கருவேல், தமிழகத்து ஏரிகள் பலவற்றில் நாட்டு மரங்களின் இடத்தைக் கைப்பற்றிக் கொண்டது. பயன் குன்றியபின்னும் வேடந்தாங்கல் ஊரார் தம் வழக்கத்தைக் கைவிடவில்லை என்பது வியப்புக்குரியது. கணக்காகத் தொடங்கியது மரபாகி, மரபு மானமாகிவிட்டது போலும்.

1998ஆம் ஆண்டு அறிவிக்கை ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தையும் புகலிடத்துள் சேர்த்தது. பறவைகளின் உணவு ஏரிக்கு வெளியே இருப்பதால் இவ்வட்டமே புகலிடத்தின் அடுக்களை எனலாம். 2020இல் அதனை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தது. வெளிவட்டத்தில் இடம்பெற்ற தொழிற்சாலைகளின் நலன் கருதியே இம்முயற்சி என்ற குற்றச்சாட்டும் உடன் எழுந்தது. ஊராரும் இயற்கை ஆர்வலரும் கடுமையாக எதிர்த்தனர். பின்னர் அம்முன்மொழிவு கைவிடப்பட்டது. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றன. துப்பாக்கியை எதிர்த்து 1798இல் கலெக்டரின் வாயிலில் நின்றவர்களுக்கும் 2020இல் குரல் எழுப்பியவர்களுக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு, கோரிக்கை ஒன்றேதான்.

2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. ஏரி வறண்டது; வெடித்த களிமண்ணின்மேல் கடம்புகள் தனித்து நின்றன. நாரைகள் வழக்கம்போல் வந்து கூடு கட்டவில்லை. அவ்வாண்டிலும் மரங்களை எவரும் விறகுக்குத் தறிக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் நீர் ஏறி அடிமரங்களை மூடியபோது கிளைகள் மீண்டும் கூடுகளால் வெண்மையாயின.