தூம்பும் வால்வும்: கொல்லிமலைச் சாரலில் ஓர் ஒலி வரலாறு

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலையைத் தமிழ் பயில்வோர் அனைவரும் அறிவர். வன்பரணர் அவனைப் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், கானகத்தே வேட்டுவனாக எதிர்ப்பட்டவன் முன்னர்ப் பாணர் சுற்றம் இசை தொடங்குகின்றது. முழவு, யாழ், எல்லரி, ஆகுளி, பதலை என்னும் கருவிகளோடு தூம்பும் ஆங்குச் சொல்லப்படுகின்றது. களிற்றின் உயிர்ப்பை ஒத்த ஓசையுடையது அது. தூம்பு என்பது உள்ளே புழையுடைய பொருள் பலவற்றுக்கும் பொதுவாய பெயர். மூங்கிலும் தூம்பு, நீர் செல்லும் மதகும் தூம்பு. புழையுடைய குழாய் ஒன்று சிறிய மூச்சைப் பெரிய ஓசையாக்கும் என்பதைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர்.

நாம் ஈண்டு ஆராயப் புகுவது வேறொரு குழாய். வானொலிப் பெட்டியினுள்ளும் ஒலிபெருக்கியினுள்ளும் செந்தணல் போல் ஒளிர்ந்து நின்ற கண்ணாடி வால்வு அது. தமிழ்த்துறை இதழில் இதற்கு இடம் யாது என்று சிலர் வினவக்கூடும். ஏறத்தாழ 1920 முதல் 1970 வரை பதிவான பாட்டும் பேச்சும் கூத்தும் பெரும்பாலும் இக்குழாயின் வழியே நம்மை அடைந்தவை. ஏட்டுச் சுவடியின் எழுத்தமைதியை அறியாதவன் பாடம் தேர முடியாதாயின், இக்குழாயின் இயல்பை அறியாதவன் ஒலிச்சுவடியை எங்ஙனம் தேர்வான்?

1904இல் இலண்டனில் பிளெமிங் என்பார் இருமுனை வால்வை அமைத்தார். 1906இல் அமெரிக்கராகிய லீ டி பாரஸ்ட் அதனுள் மூன்றாவது முனை ஒன்றைப் புகுத்தினார். காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழினுள் இழை சூடேறுங்கால் எதிர்முனையிலிருந்து மின்னணுக்கள் புறப்பட்டு நேர்முனைத் தகட்டை நோக்கி விரையும். இடையில் நிற்கும் கம்பி வலையில் ஒரு மிகச் சிறு மின்னழுத்த மாற்றம் நேரினும் அவ்வோட்டம் பெரிதும் மாறும். மடையின் பலகையை ஒரு விரல் அளவு அசைத்தால் வாய்க்கால் நீர் எவ்வளவு மாறும் என்பதை உழவர் அறிவர். வால்வு என்னும் பெயரும் அக்கருத்தினதே. தூம்பு என்னும் சொல் மதகையும் குறித்தல் இவ்விடத்து நினைக்கத்தக்கது. இதனைக் கொண்டு பழந்தமிழர் வால்வை அறிந்திருந்தனர் என்று எவரும் எழுதற்க; அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே போதிய அளவு உள்ளன.

தமிழகத்து வானொலி வரலாறு அரசால் தொடங்கப்பட்டதன்று. 1924 மே 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றிற்று. அவ்வாண்டு சூலை 31இல் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பொருள் முடையால் 1927இல் கழகம் ஓய்ந்தது. அதன் கருவி சென்னை மாநகராட்சிக்குக் கொடுக்கப்பட, 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்திற்று. கடற்கரையிலும் பூங்காக்களிலும் நிறுவிய ஒலிபெருக்கிகளின் வழியே, பெட்டி வாங்க இயலாதாரும் பாட்டுக் கேட்டனர். 1938 சூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தோன்றின. கடலுக்கு அப்பால் கொழும்பு நிலையமோ 1925 டிசம்பர் 16ஆம் நாளே தோன்றிவிட்டது. அதன் வழிவந்த இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பைத் தமிழகத்தார் பின்னாளில் எத்துணை ஆர்வத்துடன் கேட்டனர் என்பது நாடறிந்த செய்தி.

இவ்வரலாற்றில் கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடுவை விடுத்தல் பிழையாகும். ஐந்து வால்வுகள் கொண்ட வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று 1941இல் அவர் அறிவித்தார். அயல்நாட்டுப் பெட்டி செல்வர் இல்லத்தில் மட்டும் ஒலித்த காலம் அது. அவ்வறிவிப்பு அற்றை நாளிலேயே பெருவழக்காக நிறைவேறியிருப்பின் தமிழகத்துச் சிற்றூர்களின் செவி ஒரு தலைமுறை முன்னரே திறந்திருக்கும் என்பது எம் கருத்து. வால்வை இந்தியாவிலேயே செய்யும் நிலை பின்னரே வந்தது. 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961இல் ஆலந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தின் துணையோடு வானொலி வால்வுகளை ஆக்கத் தொடங்கிற்று. ஆயின் 1947 டிசம்பரிலேயே அமெரிக்கப் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்துவிட்டது. நம் நாட்டு வால்வு தோன்றும்போதே அதன் அந்திப் பொழுதும் தொடங்கிவிட்டது.

சொல் வழக்குப் பற்றி ஒன்று கூறல் வேண்டும். கலைச்சொல்லாக்கத்தார் வெற்றிடக் குழாய் என்றனர். மக்கள் வால்வு என்றனர். குழாய் என்னும் சொல்லையோ மக்கள் கூம்பு வடிவ ஒலிபெருக்கிக்கு வழங்கினர். திருவிழாவுக்கு மரத்தில் கட்டிய கூம்பு அவர்க்குக் குழாய். ஆகவே, 'குழாய் சூடேறவில்லை' என்று அறிவியல் நூல் வழி நாம் கூறின், ஒலிபெருக்கி அமைப்போர் வானத்தை அண்ணாந்து பார்ப்பர். எமக்கே இது நேர்ந்தது.

அது நேர்ந்த இடம் கொல்லிமலை அடிவாரம். அங்குச் சென்ற காரணத்தை மறையாது கூறுதல் நேர்மையாகும். ஒரு கல்லூரியின் இருட்டறையில் ஒலிநாடாச் சுருள்கள் சில கிடந்தன. மலையாளி மக்களின் பாடல்கள் என அவற்றின் உறைகளில் எழுதப்பட்டிருந்தது. எமக்கு முற்பட்ட ஆசிரியர் ஒருவர் 1960களில் பதிந்தவை அவை. அவற்றைப் பதிந்த வால்வுக் கருவி அதே அறையில் இருந்தது. பயனற்ற பொருள்களின் பட்டியலிற் சேர்க்கப்பட்டுப் பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று. அப்பட்டியலில் கையொப்பம் இட்டோருள் நாமும் ஒருவர். சுருள்கள் எஞ்சின, அவற்றைப் பேசச் செய்யும் வாய் போயிற்று. மூன்றாண்டு கழித்து, ஆய்வு மாணவி ஒருவர் அப்பாடல்களை வேண்டியபோதுதான் எம் செயலின் தன்மை எமக்கு விளங்கிற்று.

அடிவாரத்து ஊர் ஒன்றில் மைக்செட் தொழில் செய்யும் முதியவரிடம் அத்தகைய கருவி உள்ளதெனக் கேட்டுச் சென்றோம். அவர் கடையின் பின்னறை ஒரு சிறு காட்சிச்சாலை. வட்டத்தட்டு இயக்கிகளும், பச்சைக் கண் ஒளிரும் வானொலிப் பெட்டிகளும், முள் வளையாதிருக்கத் துணியிற் சுற்றிய வால்வுகளும் அங்கிருந்தன. ஈ.சி.சி. 83, ஈ.எல். 84, ஈ.எல். 34 என அவற்றின் எண்களை நம் மாணவர் நூற்பா ஒப்பிப்பது போல் ஒப்பித்தார். பெங்களூர் வால்வுகளைத் தனிப் பெட்டியில் வைத்திருந்தார். கருவியின் பழைய கண்டென்சர்களை மாற்றினார். ஒரு வால்வை மாற்றினார். மின்தொடுப்பைத் தந்த பின்னரும் நாம் விரைவுபடுத்தியபோது, 'சூடேறட்டும் ஐயா' என்றார். அரை நிமிடம் கடந்தது. இரைச்சல் எழுந்தது, அதன் பின்னர் ஒரு மூதாட்டியின் குரல்.

அக்குரலைக் கேட்டபோது மகிழ்ந்தோம் என்பது உண்மை. ஆயினும் ஆய்வாளர்க்கு மகிழ்ச்சியினும் ஐயமே பயன்படும். உறைகளின்மேல் இருந்த குறிப்புக்களை அப்போதுதான் ஊன்றிப் படித்தோம். ஒரு பதிவேனும் மலைமீது செய்யப்பட்டதன்று. யாவும் அடிவாரத்துக் கட்டடம் ஒன்றில் செய்யப்பட்டவை. காரணம் தெளிவு. அக்கருவி ஒருவர் எளிதில் தூக்கவியலாத எடையுடையது. அதன் வால்வுகளுக்கு இருநூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் வேண்டும். கம்பிவழி மின்சாரம் உள்ள இடத்தன்றி அது இயங்காது. எனவே கருவி மலையேறவில்லை; பாடுவோர் மலையிறங்கினர். அறையில் அமர்ந்து பாடக் கூடியனவே பதிவாயின. தாலாட்டு உண்டு, ஒப்பாரி உண்டு. கழனியில் நின்று பலர் எதிரெதிராகப் பாடுவன ஒன்றுமில்லை. இச்சுருள்களை மட்டும் கேட்டு, 'கொல்லிமலையில் தொழிற்பாடல் அருகியே வழங்கும்' என ஓர் ஆய்வேடு எழுதப்படுமாயின், அம்முடிவு மக்களைப் பற்றியதாகாது, வால்வைப் பற்றியதாகும். தொகை நூல்களில் எஞ்சியவற்றைக் கொண்டு எஞ்சாதவற்றை அளக்கும்போது நாம் செய்யும் பிழையும் இவ்வினத்ததே.

இனி, வால்வைப் போற்றித் தொகுப்போர் இன்றும் உலகெங்கும் உளர். 1938இல் வெளிவந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 300பி வால்வுக்கும், 1947இல் வில்லியம்சன் வெளியிட்ட பெருக்கி அமைப்புக்கும் அவர்கள் காட்டும் மதிப்புப் பெரிது. சுலோவாக்கியாவிலும் உருசியாவிலும் சீனத்திலும் வால்வுகள் இன்றும் ஆக்கப்படுகின்றன. வால்வின் ஒலி இனியது, இயல்பானது, மூல ஒலிக்கு அணியது என்பர் அவர். இனியது என்பதை நாம் மறுக்கவில்லை. ஒற்றை மும்முனை வால்வு, தன்னுட் புகுந்த சுரத்தோடு அதன் மேல்தாயிச் சுரத்தையும் சிறிது கூட்டித் தரும். இரண்டும் ஒரே சுரமாதலின் செவி அதனைக் குற்றமாகக் கொள்வதில்லை. அளவு மீறிய ஒலி வரும்போதும் வால்வு அதனைத் திடீரென வெட்டாது, மெல்ல மடக்கும். ஆனால் மைக்செட் பெருக்கிகளிற் பலவற்றுள் இரு வால்வுகள் எதிரெதிராக இயங்குவன. ஆங்கு அம்மேல்தாயிக் கூட்டு பெரிதும் தம்முள் கழிந்துவிடும். ஆகவே எல்லா வால்வுக் கருவிக்கும் ஒரே புகழுரை பொருந்தாது.

மூல ஒலி என்பதே எமக்கு உடன்பாடன்று. கூட்டுதலும் மடக்குதலும் உரையாசிரியர் தொழில். இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் ஒரே நூற்பாவுக்கு வெவ்வேறு பொருள் காட்டுவர், எவருரையும் தொல்காப்பியமாகாது. ஆயினும் உரையை எறிந்துவிட்டால் நூல் தெளிந்துவிடும் என்பாரும் அறியார். 1960களின் பாட்டைப் பதிந்ததும் வால்வே. அன்றைய மக்கள் கேட்டதும் வால்வின் வழியே. அக்காலத்துச் செவியை அறிய வால்வுக் கருவி வேண்டும். பாடியவரின் சொல்லைத் தேர, கூட்டற்ற இக்காலக் கருவி வேண்டும். இரண்டிலும் கேட்டு, வேறுபாட்டைப் பாடவேறுபாடு போலக் குறித்தல் தக்கது.

அம்முறையில் ஏழு சுருள்களைப் படியெடுத்துள்ளோம். மூன்றாம் சுருளில் ஓர் ஒப்பாரியின் ஈற்றடிச் சொல், முதியவரின் கருவியில் 'மலை' என்றும் கணினிப் படியில் 'மழை' என்றும் எம் செவிக்குப் படுகின்றது. மாணவி 'மழை' என்கின்றார். மைக்செட் முதியவர் தம் கருவியின் பக்கமே நிற்கின்றார். எட்டாம் சுருள் ஒட்டிக்கொண்டுள்ளது. அதனைப் பிரிக்க அவர் ஆடித் திருவிழா வேலை முடியும் வரை தவணை கேட்டுள்ளார்.