ஏ.ஐ.ஜி. போனஸ்: யாருடைய ஒப்பந்தம் புனிதமானது?

2009 மார்ச்சில் அமெரிக்க மக்களின் சினம் 16.5 கோடி டாலர் என்ற ஒரு தொகையின் மீது குவிந்தது. ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் தன் நிதிப் பிரிவினருக்கு வழங்கிய போனஸ் அது. வீட்டுக்கடன் பத்திரங்கள் மதிப்பிழந்தால் ஈடுசெய்வதாக வங்கிகளுக்கு உறுதியளித்துவிட்டு, அதற்கான பணத்தைப் போதிய அளவில் ஒதுக்காமலே கட்டணம் ஈட்டிய பிரிவு இது. வீட்டு விலைகள் சரிந்தபோது நிறுவனமே மூழ்கியது. 2008 செப்டம்பரில் அமெரிக்க மைய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அளித்தது. அரசின் மொத்த உதவி உறுதி பின்னர் ஏறத்தாழ 18,200 கோடியானது.

அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் மட்டும் நட்டம் 6,170 கோடி. இலாபமே இல்லாத இடத்தில் போனஸ் எப்படி வந்தது? திறமையாளர்கள் விலகாதிருக்க முன்பே செய்த ஒப்பந்தமாம். ஆனால் பத்து இலட்சம் டாலரோ அதற்கு மேலோ பெற்ற 73 பேரில் 11 பேர் ஏற்கெனவே விலகியிருந்தனர்!

ஒப்பந்தங்களை அரசு முறிக்க இயலாது என்றார் அதிபர் ஒபாமாவின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் சம்மர்ஸ். அதே ஆண்டில், அரசுக் கடன் பெற்ற கார் நிறுவனங்களின் தொழிலாளர்கள், ஒப்பந்தப்படி வென்றெடுத்த உரிமைகளை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அங்கே ஒப்பந்தத்தின் புனிதம் குறித்து அவர் வகுப்பெடுக்கவில்லை.

போனசுக்கு 90 விழுக்காடு வரி விதிக்கும் மசோதா பிரதிநிதிகள் அவையில் 328–93 என நிறைவேறியது. செனட் அதை நிறைவேற்றவில்லை. சிலர் பணத்தைத் திருப்பித் தந்தனர். சினமும் தணிந்தது.

அச்சினம் நியாயமானதே. ஆனால் அது பெருந்தொகையைத் தவறவிட்டது என்பது நம் கருத்து. ஏ.ஐ.ஜி. வழியாகக் கோல்ட்மன் சாக்ஸ் வங்கிக்கு மட்டும் சென்றது 1,290 கோடி டாலர். போனஸ் தொகையைப்போல் 78 மடங்கு. ஒப்பந்தங்களை முடித்துக்கொள்கையில் வங்கிகளிடம் சிறு தள்ளுபடிகூடப் பெறப்படவில்லை. போனசுக்கு முகம் இருந்தது, இதற்கு இல்லை.

இந்தச் சங்கிலியின் அடிமுனையில் நிறவெறி இருந்தது. கன்ட்ரிவைடு என்ற வீட்டுக்கடன் நிறுவனம், ஒத்த தகுதியுள்ள வெள்ளையரைவிடக் கறுப்பின, இலத்தீன் மக்களிடம் அதிகக் கட்டணம் பறித்ததாக அமெரிக்க நீதித்துறை குற்றஞ்சாட்டியது. 2011-இல் 33.5 கோடி டாலருக்கு உடன்பாடு காணப்பட்டது. பாதிக்கப்பட்டோர் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தலைக்குச் சராசரியாக 1,700 டாலர்கூடத் தேறாது.