ஈகையும் உரிமையும்: தாது வருடப் பஞ்சம் உணர்த்துவது

வறியோர்க்கு உணவளித்தல் தமிழர் போற்றிய தொன்மையான அறம். மணிமேகலையின் அமுதசுரபி அதற்கு இலக்கியச் சான்று. 1867-ஆம் ஆண்டில் வள்ளலார் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலை வரலாற்றுச் சான்று. அங்கே பசி ஒன்றே தகுதி. சாதியோ சமயமோ வினவப்படவில்லை. எனினும், ஊர்தோறும் மழை பொய்க்குங்கால் ஈகை மட்டும் தாங்காது என்பதனை அடுத்த பத்தாண்டுகளுக்குள் வந்த பெரும்பஞ்சம் மெய்ப்பித்தது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய அதனை மக்கள் தாது வருடப் பஞ்சம் என்றனர். அரசு உதவிற்று, ஆனால் ஐயத்துடன் உதவிற்று. அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆடவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என 1877-இல் வரையறுத்தார். உடல்வலி உடையோர் தம் ஊரிலிருந்து 10 மைலுக்கு அப்பால் சென்றே வேலை பெறல் வேண்டும் என்பதும் விதி. வந்தவர் மெய்யாகவே வறியவரா என அறியும் சோதனை அது. பசியால் நடை தளர்ந்தவர்க்கே உதவி மிகுதியும் வேண்டும் என்பதனை அவ்விதி கருதவில்லை. மாகாணச் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ், அக்கூலி உழைப்பவர் உயிரைக் காவாது என வாதிட்டார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது. இழந்த உயிர்கள் மீளவில்லை.

1880-ஆம் ஆண்டுப் பஞ்ச ஆணையமும் அதன் வழி எழுந்த பஞ்ச விதித்தொகுப்பும் அரசின் கடமையை எழுத்தில் அமைத்தன. ஆயினும் பசித்தவர் அதனைக் கேட்டுப் பெறும் உரிமை அவற்றில் இல்லை. இந்தியாவின் 2005-ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமே அவ்வுரிமையை வழங்கிற்று. குடும்பத்திற்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை. இயன்றவரை 5 கிலோமீட்டருக்குள் வேலை. 15 நாள்களுள் வேலை தரப்படாவிடில் உதவித்தொகை. முன்பு தொலைவு வறியோரைத் தடுக்கும் வேலியாயிற்று; பின்பு அதுவே அரசைக் கட்டுப்படுத்தும் வரம்பாயிற்று.

எனினும், சட்டம் வந்ததனால் ஈகையின் பாடம் பழமைப்பட்டுவிடவில்லை. தருமச்சாலை சான்று கேட்கவில்லை. இற்றை நலத்திட்டமோ படிவமும் அடையாள அட்டையும் கேட்கின்றது. கணக்கு வேண்டுவதே; ஆனால் கணக்கே மீண்டும் 10 மைலாகிவிடலாகாது. பஞ்சமும் கடனும் துரத்தக் கடல் கடந்தோர் பலரின் வழித்தோன்றல்களாகிய நாம், எந்த நலத்திட்டத்தையும் இவ்வினாவால் அளத்தல் தகும்: உதவியை அடைய வறியவர் எவ்வளவு தொலைவு நடக்க வேண்டியுள்ளது?